நல்ல பெயர் நித்யகல்யாணி

ஏப்ரல் 10, திங்கள்

ராஜகனி இன்று காலை ஆறரை மணிக்குத் தென்காசி போனாள். அவள் தம்பி ஜெயமணி வீட்டில் மாவடு போட ஆள் தேவைப்படுகிறதாம். கோபித்துக்கொண்டு போனாள் என்று யாராவது நினைத்தால் அது தவறு. கோபம் இருந்தால் முகத்தில் தெரிந்திருக்கும். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வுபெற்ற ஹெட் சர்வேயர் என்ற முறையில் நடந்ததை நடந்தபடி எழுதிவைப்பது என் வழக்கம். ஆகவே சனிக்கிழமை நடந்ததையும் பதிவு செய்துவிடுகிறேன்.

எனக்கு ஒரு காலத்தில் மேலதிகாரியாக இருந்த தாசில்தார், மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். கேட்டைத் திறந்தவர் உள்ளே வராமல் நின்றுவிட்டார். காம்பவுண்டுச் சுவர் ஓரமாக ராஜகனியின் செடிகள் பதினான்கு, வரிசையும் இல்லாமல் அளவும் இல்லாமல் பூத்து நின்றன. ரோஸ் நிறத்தில் ஐந்து இதழ்ப் பூ. எங்கள் சாத்தூர் வெயிலில் கருவேல மரமே தலை தொங்கும்போதும் அது பூக்கும். சுவர் வெடிப்பில் விதை விழுந்தால் அங்கேயும் முளைத்துப் பூக்கும்.

"என்னய்யா வெயிலுமுத்து, வாசல்லயே சுடுகாட்டு மல்லிய வளத்து வச்சிருக்க? நான் பத்திரிகை வைக்க வந்தேனா, துட்டி கேக்க வந்தேனா?" என்றார்.

பணியில் இருந்தபோதே அவர் பேச்சை நான் தட்டியதில்லை. அவர் போனதும் மண்வெட்டியை எடுத்தேன். இருபது நிமிடத்தில் பதினான்கும் வேரோடு வெளியே. கோவிலுக்குப் போயிருந்த ராஜகனி திரும்பி வந்து பார்த்தாள்.

"அது நித்யகல்யாணி," என்றாள்.

"சுடுகாட்டு மல்லின்னும் ஒரு பேரு உண்டு."

"ஒண்ணுக்கு ரெண்டு பேரு இருந்தா நல்ல பேரச் சொல்லக் கூடாதா?"

நான் மண்வெட்டியைக் கழுவ ஆரம்பித்தேன். அவளே மறுபடியும், "அதுக்கு ஒரு நாளாவது ஒரு சொம்புத் தண்ணி ஊத்தியிருக்கீகளா? அதுவும் கேட்டுச்சா? முப்பத்திரண்டு வருசமா ஊத்தாமலேதான பூத்துச்சு?" என்றாள்.

இந்த வீடு கட்டி இருபத்தாறு வருடம்தான் ஆகிறது என்று திருத்தினேன். வருடக் கணக்கில் அவள் எப்போதுமே கொஞ்சம் அப்படித்தான். அதற்குப் பிறகு அவள் ஒன்றும் பேசவில்லை. ஆகவே விஷயம் முடிந்தது.

ஏப்ரல் 11

ரசம் வைத்தேன். ரசம் என்று நான்தான் சொல்கிறேன்.

ஏப்ரல் 12, புதன்

தென்காசிக்குப் போன் செய்தேன். ஜெயமணி எடுத்தான். "அக்கா குளிச்சிக்கிட்டு இருக்கு அத்தான்," என்றான். பத்து மணிக்கும் குளித்துக்கொண்டிருந்தாள். ஒரு மணிக்கும் குளித்துக்கொண்டிருந்தாள். மாலை ஐந்துக்கு நான் கேட்பதற்கு முன்பே, "குளிக்குது அத்தான்," என்றுவிட்டான். தென்காசியில் தண்ணீர்ப் பஞ்சம் இல்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த அளவுக்கு என்று தெரியாது.

ஏப்ரல் 14, வெள்ளி

சித்திரை ஒன்று. பாயசம் இல்லை. ராஜகனியும் வரவில்லை. மாவடு நிறைய இருக்கும் போலிருக்கிறது.

வாசலில் மண் மொட்டையாகக் கிடப்பது பார்க்க நன்றாக இல்லை. இதில் ராஜகனிக்குச் சம்பந்தம் எதுவும் கிடையாது. எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை. பைபாஸ் ரோட்டில் உள்ள நர்சரிக்குப் போய் நித்யகல்யாணி கேட்டேன். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நாட்டுச் செடியா? அது எங்க கூரை மேல மொளைச்சுக் கெடந்துச்சு. போன வாரந்தான் புடுங்கிப் போட்டோம். அத நர்சரில வந்து யாரு சார் கேப்பா? இந்தா, வின்கா எடுத்துக்கங்க. அதே இனந்தான். ஓசூர்ல இருந்து வருது."

ஆறு வாங்கினேன். சுவரிலிருந்து நாற்பத்தைந்து சென்டிமீட்டர், செடிக்குச் செடி முப்பது சென்டிமீட்டர் விட்டு, நூல் பிடித்து நட்டேன். குச்சியில் எண் எழுதிக் குத்தினேன்: புல எண் 1, உட்பிரிவு 1 முதல் 6 வரை. ராஜகனி நட்டது போல அங்கொன்றும் இங்கொன்றுமாக இல்லை. யார் வந்து அளந்தாலும் ஒரு விரல்கடை பிசகாது.

ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியதில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. செடிக்குக் காலையில் அரை வாளி, மாலையில் அரை வாளி என்று வைத்திருக்கிறேன். எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு முறைதான் வரும். தொட்டியில் இருப்பது எனக்கா செடிக்கா என்ற கேள்வி வந்தது. முகச்சவரத்தை நிறுத்திவைத்தேன். குளிப்பதை ஒரு சொம்பில் முடித்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 16, ஞாயிறு

எதிர்வீட்டுப் பவுனுத்தாய்க்கு எங்கள் தெருவில் தெரியாதது எதுவும் இல்லை. தெரியாததைத் தெரிந்துகொள்ள இன்று கேட்டுக்கு வந்து நின்றாள்.

"மதினியக் காணுமே அண்ணாச்சி?"

"தென்காசி போயிருக்கா. தம்பி வீட்டுல மாவடு."

"மாவடுவா? அது மாசி பங்குனியோட முடிஞ்சிருமே?"

தென்காசி மாமரத்துக்குப் பருவம் வேறு என்று சொன்னேன். பவுனுத்தாய் என் தாடியைப் பார்த்தாள். பிறகு ஆறு செடியையும் ஆறு குச்சியையும் பார்த்தாள். "சேரி அண்ணாச்சி," என்று போய்விட்டாள். அவள் அவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஏப்ரல் 18

1/3, 1/4 இரண்டிலும் இலை மஞ்சள். தண்ணீர் போதவில்லை. முக்கால் வாளியாக உயர்த்தினேன். கடலைப் புண்ணாக்கு ஊறவைத்து ஊற்றினேன். தெருவில் நாற்றம் என்றார்கள்.

அவள் குளிக்கிறாள்.

ஏப்ரல் 20, வியாழன்

ஆறும் போய்விட்டன. அடித்தண்டு கறுத்து, தொட்டால் கையோடு வருகிறது. வேர் அழுகல். பாலைவனத்தில் விட்டாலும் பிழைக்கிற செடி, என் வீட்டு வாசலில் தண்ணீரில் மூழ்கிச் செத்துப்போனது. முப்பத்தைந்து வருடப் பணியில் எந்த நிலத்தையும் நான் இப்படி நாசம் செய்ததில்லை.

இன்று வீட்டில் சத்தமே இல்லை. மிக்ஸியைச் சும்மா ஒரு முறை ஓடவிட்டு நிறுத்தினேன்.

ஏப்ரல் 21, வெள்ளி

நாட்டு நித்யகல்யாணி தேடி நேற்று மாலை எட்டுத் தெரு சுற்றினேன். எல்லா வீட்டு வாசலிலும் சிமெண்ட். ஒரு செடி இல்லை. அப்புறம்தான் உறைத்தது: தாசில்தார் சொன்ன பெயரிலேயே விலாசம் இருக்கிறதே!

வைப்பாற்றங்கரைச் சுடுகாடு எனக்குப் புதிதல்ல. தொண்ணூற்று நாலில் நானே சங்கிலி பிடித்து அளந்த இடம். காலையிலேயே போனேன். பிளாஸ்டிக் வாளியில் வேர் சூடாகிவிடும் என்று ஒரு மண் கலயம் எடுத்துக்கொண்டேன். மூடி எடுத்து வர ஒரு வெள்ளைத் துண்டு.

காவலாளி கருத்தப்பாண்டி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். என்னையும் தாடியையும் கலயத்தையும் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"உடம்பு எப்ப சார் வருது?"

"உடம்பு வரல. எனக்குச் செடி வேணும்."

"என்ன செடி?"

கையைக் காட்டினேன். சமாதிகளுக்கு நடுவே, ஓட்டுச் சில்லிலும் சாம்பலிலும் நூற்றுக்கணக்கில் பூத்துக் கிடந்தது. ஒரு சொட்டு ஈரம் கிடையாது. எல்லாம் ராஜகனியின் அதே ரோஸ்.

"இருபத்திரண்டு வருசமா இங்கன இருக்கேன் சார். வந்து விட்டுட்டுப் போறவங்களத்தான் பாத்திருக்கேன். எடுத்துட்டுப் போக வந்த மொத ஆளு நீங்கதான்," என்றார் கருத்தப்பாண்டி. ஆனாலும் நல்ல மனிதர். விரல் உயரத்துக்குக் கன்றாகப் பார்த்து, வேரோடு மண்ணையும் சேர்த்துப் பன்னிரண்டு தோண்டிக் கொடுத்தார்.

"தண்ணி எவ்வளவு ஊத்தணும்?"

"வெயில் தாழ நடுங்க. நட்ட அன்னைக்கு ஒரு சொம்பு. பெறகு அத மறந்துருங்க."

வேர் குலுங்கக் கூடாது என்று கலயத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்து, நனைத்த வெள்ளைத் துண்டால் மூடி, நடந்தே வந்தேன். வியர்வை தாங்காமல் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டிருந்தேன். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்தார். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியும் ஒரு சர்வேயருக்கு இந்த ஊரில் இவ்வளவு மரியாதை இருக்கிறது. பவுனுத்தாய் வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சுளகைக் கீழே போட்டுவிட்டாள்.

மாலையில் பன்னிரண்டையும் நட்டேன். நூல் பிடிக்கவில்லை. அவை சுடுகாட்டில் எப்படி நின்றனவோ அப்படி.

ஏப்ரல் 22, சனி

காலை எட்டு மணிக்குப் பவுனுத்தாய் வந்தாள். வழக்கம்போல் கேட்டில் நிற்காமல் நேரே உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"மதினி போயிட்டாகளா அண்ணாச்சி?"

தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. இனி மறைத்து என்ன ஆகப் போகிறது?

"போயிட்டா," என்றேன்.

"எப்ப?"

"பத்தாம் தேதி. காலைல ஆறரை மணிக்கு."

"அன்னைக்கு நான் வந்து கேட்டப்பக்கூட மாவடுன்னு சொல்லி மறைச்சிட்டீகளே!"

"வெளிய சொல்ல முடியல பவுனு."

"கடைசியா ஒண்ணும் பேசலியா?"

"ஒரு வார்த்தை பேசல. நான் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன்."

பவுனுத்தாய் முந்தானையை வாயில் வைத்து அழுதாள். "நல்லாத்தான இருந்தாக! முந்தின நாள்கூடக் கோவில்ல பாத்தேனே!"

"எல்லாம் என்னாலதான்," என்றேன்.

அதைச் சொன்ன பிறகு எனக்கும் அடக்க முடியவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். இரண்டு பேரும் ஐந்து நிமிடம் அழுதோம். பவுனுத்தாயைப் பற்றி நான் இத்தனை வருடமும் தப்பாக நினைத்திருக்கிறேன்.

மாலைக்குள் பதினொரு பேர் வந்துவிட்டார்கள். யாரோ பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். ஆண்கள் வந்து என் கையைப் பிடித்து அமுக்கிவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தார்கள். ஒரு வீட்டிலிருந்து கேனில் காபி, இன்னொரு வீட்டிலிருந்து புளியோதரை. "மூணு நாளைக்கு நீங்க அடுப்பப் பத்த வைக்கக் கூடாது," என்று உத்தரவு. ஒருவன் மனைவி கோபித்துக்கொண்டு போனால் இந்தத் தெரு இவ்வளவு தூரம் துணை நிற்கும் என்று எனக்குத் தெரியாது. நம் ஜனங்கள் தங்கமானவர்கள்.

தெரு நலச் சங்கச் செயலாளர் சௌந்தரபாண்டி மெல்லக் குனிந்து, "பதினாறு எப்ப வருது அண்ணாச்சி?" என்று கேட்டார்.

பத்தாம் தேதியை முதல் நாளாகக் கொண்டால் பதினாறாம் நாள் ஏப்ரல் இருபத்தைந்து, செவ்வாய். உடனே சொன்னேன். எதற்கு என்று கேட்கவில்லை. கணக்குக் கேட்டால் சொல்லிவிடுவது என் பழக்கம்.

மதினி போட்டோ ஒன்று வேண்டும் என்றார். சமாதானம் பேசத் தென்காசிக்கு ஆள் அனுப்புகிறார்கள் போலிருக்கிறது. பீரோவைத் தலைகீழாகப் புரட்டியும் அவள் மட்டும் இருக்கிற போட்டோ ஒன்றுகூட இல்லை. ஒரு கல்யாணப் பந்தியில் அவள் பாயசம் குடிக்கும்போது யாரோ எடுத்ததைக் கொடுத்தேன்.

எல்லோரும் போன பிறகு நாற்காலிகளை நானே அடுக்கிவைத்தேன். அவள் இல்லாமல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இது செடிக் குறிப்பில் வர வேண்டியதில்லை.

ஏப்ரல் 23

ஏழு கன்று தலை சாய்ந்துவிட்டது. ஐந்து நிற்கிறது. தண்ணீர் ஊற்றவில்லை. கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தேன்.

ஏப்ரல் 24

இன்று செடியை மறந்தேன். சரியாக மறந்திருக்கிறேனா என்று மூன்று முறை போய்ப் பார்த்துக்கொண்டேன்.

ஏப்ரல் 25, செவ்வாய்

இன்று நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலை ஆறு மணிக்குப் பால் வாங்கிக்கொண்டு வந்தேன். தெருமுனையில் ஒரு பெரிய பேனர். ராஜகனி பாயசம் குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு, மேலே பறக்கிற இரண்டு புறா. "கண்ணீர் அஞ்சலி. எங்களை ஆறாத் துயரில் ஆழ்த்திச் சென்ற அன்னை ராஜகனி அம்மாள், வயது 67." பால் பாக்கெட் கையிலிருந்து விழுந்தது.

துட்டி கேட்கத்தான் எல்லோரும் வந்திருக்கிறார்கள்! நாற்காலி, காபி, புளியோதரை, டீக்கடையில் எழுந்து நின்றது, பதினாறு எப்போது என்று கேட்டது! நானும் வாய் கூசாமல் தேதி குறித்துக் கொடுத்திருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஜெயமணி.

"அத்தான், அக்கா செத்துப்போச்சாமே?"

"யாரு சொன்னா?"

"உங்க எதுத்த வீட்டுப் பவுனுத்தாயோட தங்கச்சி இங்கதான் இருக்கா. மாலையோட வந்து நிக்கா. கதவத் தொறந்ததே அக்காதான். அந்தப் பொம்பள மயங்கி விழுந்து, இப்பதான் சோடா குடுத்து..." போனை யாரோ பிடுங்கும் சத்தம்.

"நான் எப்பச் செத்தேன்?"

பதினாறு நாளைக்குப் பிறகு ராஜகனி என்னிடம் பேசிய முதல் வார்த்தை. குரலைக் கேட்ட சந்தோஷத்தில், "பத்தாம் தேதி காலைல ஆறரைக்கு," என்று சொல்லிவிட்டேன்.

"அங்கனயே இருங்க. வாரேன்," என்றாள்.

பதினொன்றரை மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாள். சௌந்தரபாண்டி அப்போதுதான் சாமியானாவுக்குக் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தார். நான் எவ்வளவு சொல்லியும் அவர் நிறுத்தவில்லை. துக்கத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துவிட்டார். ராஜகனியைப் பார்த்ததும் கம்பை விட்டுவிட்டார். சாமியானா அவர் மேலேயே விழுந்தது. பவுனுத்தாய், "மதினீ!" என்று ஒரு சத்தம் போட்டாள், அடுத்த ஊருக்குக் கேட்டிருக்கும்.

ராஜகனி யாரையும் பார்க்கவில்லை. நேரே பேனரிடம் போனாள். மேலிருந்து கீழ்வரை வாசித்தாள்.

"அறுபத்தேழா? யாருக்கு அறுபத்தேழு?"

சாமியானாவுக்குள் இருந்து சௌந்தரபாண்டியின் குரல், "பிரிண்டிங் மிஸ்டேக் மதினி," என்றது.

"செத்தத விடுங்க. அம்பத்தேழு வயசுக்காரிய அறுபத்தேழுன்னு போட்டு முச்சந்தியில நிறுத்தி வச்சிருக்கீக. அதுவும் பாயசம் குடிக்கிற போட்டோ!" என்றவள் என் பக்கம் திரும்பினாள். பன்னிரண்டு நாள் தாடியைப் பார்த்தாள். வீட்டுக்குள் போனாள்.

ஏப்ரல் 26, புதன்

தங்குவதற்காக வரவில்லையாம். "நாலு நாளு தெருவுல நடமாடிட்டுப் போனாத்தான் உசுரோட இருக்கேன்னு நம்புவாக. ஞாயித்துக்கிழமை பதினோரு மணி பஸ்ஸுக்குப் போயிருவேன்," என்றாள். கொண்டுவந்த பையை ஹாலிலேயே வைத்திருக்கிறாள். காலையும் மாலையும் தெருவில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடக்கிறாள். பார்ப்பவர்கள் கும்பிடுகிறார்கள்.

விருந்தாளி அடுப்படிக்குப் போக மாட்டாளாம். காபி நான் போட்டேன். "சீனி எத்தனை ஸ்பூன்?" என்று கேட்டேன்.

"நான் சீனி விட்டு ஆறு வருசம் ஆச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். காபியைக் குடித்தாள். டம்ளரை வெளியே தொட்டியடியில் கழுவி வைத்தாள்.

நான் அடுப்படியிலேயே வெகுநேரம் நின்றேன். எங்களுக்குக் கல்யாணம் ஆகி எத்தனை வருடம் என்று கணக்குப் போட்டேன். முப்பத்திரண்டு. அவள் சொன்ன கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது. நான்தான் வீட்டை அளந்துகொண்டிருந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஏப்ரல் 27

சவரம் செய்துகொண்டேன். "இப்பத்தான் மனுசன் மாதிரி இருக்கீக," என்று பவுனுத்தாய் சொன்னாள். ராஜகனியும் பார்த்தாள்.

ஏப்ரல் 28, வெள்ளி

நடந்துவிட்டு வரும்போது ராஜகனி சுவரோரம் நின்றுவிட்டாள். ஐந்து கன்றும் நிமிர்ந்து நிற்கின்றன. ஒன்றில் மொட்டு.

"யாரு நட்டா?"

"நான்தான்."

"எங்கருந்து கொண்டாந்தீக?"

பொய் சொல்ல நினைத்தேன். மாவடு விஷயத்தில் சொன்ன பொய்யே இன்னும் தெருவில் திரிகிறது. "சுடுகாட்டுல இருந்து," என்றேன்.

ராஜகனி என்னைப் பார்த்தாள், சுவரோரம் கிடந்த கலயத்தைப் பார்த்தாள். விஷயம் மெல்ல மெல்ல அவளுக்கு விளங்கியது. "இத எடுக்கப் போயித்தான் என்னையக் கொன்னுட்டு வந்தீகளா?" என்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். குளியலறைக் கதவைச் சாத்திய பிறகு உள்ளேயிருந்து சத்தம் வந்தது. அழுகிறாளோ என்று பயந்து கதவருகே போய்க் காதை வைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் பஸ் நேரத்தைப் பவுனுத்தாயிடம் மறுபடியும் விசாரித்திருக்கிறாள்.

ஏப்ரல் 29, சனி

காலையில் பூ விரிந்திருந்தது. ஒன்றே ஒன்று. ரூபாய் நாணயம் அளவுதான் இருக்கும். அளக்கவில்லை.

ராஜகனியைக் கூப்பிட்டேன். "இந்தா" என்றுதான் எப்போதும் கூப்பிடுவேன். இன்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள்.

இரண்டு பேரும் பூவுக்கு முன்னால் நின்றோம்.

"தண்ணி ஊத்துனீகளா?"

"ஊத்தல. சுடுகாட்டுக்காரரு மறந்துரச் சொன்னாரு. எனக்கு மறக்கத் தெரியல. தெனமும் மூணு தடவை வந்து பாத்தேன்."

"பாத்துக்கிட்டு?"

"சும்மா நின்னேன்."

ராஜகனி குனிந்து, காய்ந்துபோன ஒரு இலையைக் கிள்ளிப் போட்டாள். புறம்போக்கு ஆக்கிரமிப்பில் கத்தியோடு வந்தவன் முன்னால் நின்று பேசியிருக்கிறேன். அப்போதுகூட இப்படி நாக்கு ஒட்டிக்கொண்டதில்லை.

"தப்பு என் மேலதான் ராஜகனி. போகாத."

அவள் நிமிரவில்லை.

"நீ இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடல. மிக்ஸியக்கூடச் சும்மா ஓட விட்டேன். போகாத."

இப்போது நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தது, குரலில் மட்டும் அது தெரியவில்லை.

"இந்த ஒரு வார்த்தையச் சொல்றதுக்குச் சுடுகாடு வரைக்கும் போயிட்டு வரணுமா?" என்றாள்.

போகிறேன் என்றும் சொல்லவில்லை, இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டாள். பை ஹாலில்தான் இருக்கிறது.

ஏப்ரல் 30, ஞாயிறு

காலை ஒன்பதரை. பேப்பரைப் பிரிக்காமல் ஹாலில் உட்கார்ந்திருக்கிறேன். பை எதிரே இருக்கிறது. ராஜகனி குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். பஸ்ஸுக்குக் கட்டுகிற சேலையா, ஞாயிற்றுக்கிழமைக்குக் கட்டுகிற சேலையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இதையெல்லாம் கவனித்து வைத்திருக்க வேண்டும்.

அவள் பையைத் தாண்டி அடுப்படிக்குள் போனாள். ஐந்து நாளில் முதல் முறை. அரிசி டப்பா திறக்கும் சத்தம். உழக்கால் அளந்து பாத்திரத்தில் கொட்டும் சத்தம்: ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பிறகு உளுந்து, ஒன்று. தண்ணீர் ஊற்றும் சத்தம்.

எழுந்து போய்ப் பார்க்கப் பயமாக இருந்தது. இங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பஸ் பதினோரு மணிக்கு. அரிசி ஊற நாலு மணி நேரம். அரைக்க முக்கால் மணி. மாவு புளிக்க ஒரு ராத்திரி. எங்கும் தவறு இருந்துவிடக் கூடாது என்று இரண்டு முறை சரிபார்த்தேன்.

நாளைக் காலையில் எங்கள் வீட்டில் இட்லி.